கல்லாப்பெட்டி ஓரத்துச் சாக்லேட்டும் கணக்கு நோட்டும்

கேள்வி: சாத்தூர் பக்கம் முப்பது வருடத்துக்கு மேலாக மளிகைக் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆபீஸுக்கும் போகிறவர்கள். சிலருக்கு வாரக் கணக்கு, சிலருக்கு மாதக் கணக்கு, எல்லாம் நோட்டில்தான். மகன் எம்.பி.ஏ. படித்து, சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கடைக்கு வந்துவிட்டான். பைபாஸில் பெரிய கடை வந்துவிட்டது, நாமும் மாற வேண்டும் என்கிறான். ஷெல்ஃப் போட்டுச் சரக்கைக் கண்ணுக்கு நேராக அடுக்க வேண்டும், கல்லா ஓரத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி சாக்லேட் வைக்க வேண்டும், 100 ரூபாய்ச் சாமானை 99 என்று போட வேண்டும், ‘இன்னும் 3 மட்டுமே’ என்று அட்டை தொங்கவிட வேண்டும், பைக்குக் காசு வாங்க வேண்டும், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தால் பில்லில் ஒரு பாக்கெட் சேவும் அன்னதானத்துக்கு 2 ரூபாயும் தானாகச் சேர்ந்துவிட வேண்டும், வேண்டாதவர்கள் சொல்லி எடுத்துக்கொள்ளட்டும் என்கிறான். இதற்கு ‘நட்ஜ்’ என்று பெயராம், நோபல் பரிசு வாங்கிய சங்கதியாம். நான் இதுவரை யார் மனதையும் திருப்பி வியாபாரம் செய்ததில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். இதில் எது வியாபாரத் திறமை, எது ஏமாற்று? கோடு எங்கே இருக்கிறது?

– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் மகன் சொல்வதில் பெரும்பகுதியைத் தாராளமாகச் செய்யலாம். இரண்டைக் கடைக்குள் விடவே வேண்டாம். இன்னொன்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

‘யார் மனதையும் திருப்பி வியாபாரம் செய்ததில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மனசாட்சியோடுதான் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் உங்கள் கடையில் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். ‘ஒரு லிட்டர் கடலெண்ணெய் குடுங்க அண்ணாச்சி’ என்கிறார் ஒருவர். கம்பெனி பெயர் சொல்லவில்லை. உங்கள் கை எந்தப் பாக்கெட்டுக்குப் போகிறதோ அதுதான் அவர் வீட்டு அடுப்படிக்குப் போகிறது. ‘கடுகு’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் 50 கிராமா 100 கிராமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். கேட்டு எடுத்துக் கொடுக்கிற கடையில் கடைக்காரரின் கைப்பழக்கமே பாதி ஊரின் தேர்வு. சூப்பர் மார்க்கெட்டில் அந்த வேலையை ஷெல்ஃப் செய்கிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தேலரும் சட்டப் பேராசிரியர் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் எழுதிய ‘நட்ஜ்’ புத்தகம் ஒரு பள்ளி உணவகத்தை வைத்துத்தான் தொடங்குகிறது. உணவை ஏதோ ஒரு வரிசையில் வைத்தாக வேண்டும். எந்த வரிசையில் வைத்தாலும் பிள்ளைகள் எடுப்பது மாறும். எந்தப் பக்கமும் சாயாத அடுக்கு என்று ஒன்று கிடையாது என்பது அவர்களுடைய வாதம். எதையும் தடை செய்யாமல், விலையிலும் பெரிதாகக் கை வைக்காமல், தேர்வுகளை அடுக்கும் விதத்தால் மட்டும் ஆளை ஒரு பக்கம் நகர்த்துவதைத்தான் உங்கள் மகன் நட்ஜ் என்கிறார். தேலருக்கு 2017இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஆகவே மனதைத் திருப்பலாமா என்று கேட்டுப் பயனில்லை. திருப்பல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பக்கம், யாருடைய நன்மைக்கு, எவ்வளவு வெளிச்சத்தில் என்பதுதான் கேள்வி.

கோடு எங்கே என்று கேட்டீர்கள். தேலரே 2015இல் நியூயார்க் டைம்ஸில் மூன்று நிபந்தனைகளை எழுதினார். செய்வது வெளிப்படையாக இருக்க வேண்டும், யாரையும் தவறாக நினைக்க வைக்கக் கூடாது. வேண்டாம் என்பவர் விலகுவது மிக எளிதாக இருக்க வேண்டும். நகர்த்தப்படுகிறவருக்கு அதனால் நன்மை என்று நம்ப நல்ல காரணம் வேண்டும். கடைக்காரருக்கு மூன்றாவது கொஞ்சம் கடினம், நீங்கள் லாபத்துக்குத்தான் கடை வைத்திருக்கிறீர்கள், தர்மசத்திரம் நடத்தவில்லை. அதனால் நான் கடைக்காரர்களுக்குச் சொல்கிற சோதனை இன்னும் எளியது: நீங்கள் செய்த ஏற்பாட்டை அந்த வாடிக்கையாளரின் முகத்துக்கு நேராக உரக்கச் சொல்ல முடியுமா? ‘இந்த எண்ணெயில் எனக்கு ரெண்டு ரூபா கூடக் கிடைக்கும்மா, அதான் முன்னாடி வச்சிருக்கேன், சரக்கும் நல்ல சரக்குதான்’ என்று சொல்லலாம். அவர் சிரித்துவிட்டு வாங்குவார், அல்லது வேறு கேட்பார். ‘நீங்க கவனிக்க மாட்டீங்கன்னுதான் சேவு பாக்கெட்டைப் பில்லுல போட்டேன்’ என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

இந்தச் சோதனையில் ஷெல்ஃப் அடுக்கல் தேறிவிடும். கண்ணுக்கு நேராக இருப்பது கூட விற்கும் என்பது வியாபாரத்தில் எல்லோரும் அறிந்தது. கம்பெனி ரெப் டிஸ்ப்ளேவுக்குத் தனியாகப் பணம் கொடுப்பது சும்மா இல்லை. அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு தட்டிலும் விலையோடு கிலோவுக்கு, லிட்டருக்கு எவ்வளவு என்றும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பாக்கெட்டில் அதை அச்சிடச் சொல்லி விதி இருக்கிறது. ஆனால் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நினைப்பு எல்லோருக்கும் உண்டு. ஷாம்பு விஷயத்தில் பல கம்பெனிகளில் அது தலைகீழ், சாஷேயில் வாங்கினால் ஒரு மில்லிக்கு விலை குறைவு. இது உங்களுக்குத் தெரியும், கைக்குழந்தையோடு வந்து பெரிய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிற அம்மாவுக்குத் தெரியாது. அதை எழுதி ஒட்டுகிற கடையைப் பைபாஸ் கடையால் எளிதில் வெல்ல முடியாது.

99 ரூபாய் விவகாரத்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. பாட்டா கடை விலையை நம் ஊரில் மூன்று தலைமுறையாகப் பார்த்துவிட்டோம். எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் என்ற இருவர் அமெரிக்காவில் தபால் வழித் துணி விற்பனைப் பட்டியலை வைத்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே உடுப்பை 34, 39, 44 டாலர் என்று மூன்று விலையில் போட்டபோது, 34ஐவிட 39இல் அதிகம் விற்றது. 9இல் முடிகிற விலைக்கு அப்படி ஒரு இழுப்பு உண்டு. செய்யுங்கள். ஆனால் மீதி ஒரு ரூபாயைக் காசாகவே கொடுங்கள். மிட்டாயை நீட்டாதீர்கள், அது அவர் கேட்டு வாங்கிய மிட்டாய் இல்லை.

கல்லா ஓரத்துச் சாக்லேட் வேண்டாம் என்பேன். சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் 2,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடைகளில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு மிகுந்த பண்டங்களைப் பில் போடும் இடத்திலும் வாசலிலும் வைக்கத் தடை இருக்கிறது. உங்கள் கடை அங்கே இருந்தால்கூட அளவில் அதற்குள் வந்திருக்காது. நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. வாங்குகிறவர் வேறு, தூண்டப்படுகிறவர் வேறு என்கிற இடம் அது. கணக்கு முடிவதற்குள் ஐந்து வயதுப் பிள்ளை பாக்கெட்டைக் கையில் எடுத்துவிடும். அதைப் பிடுங்கி வைத்து அழவைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது, அதுவும் நாலு பேர் பார்க்க. அந்தத் தர்மசங்கடத்தில் விற்கிற காசு உங்களுக்கு எதற்கு? சாக்லேட் கடையில் இருக்கட்டும், பெரியவர் கண்மட்டத்தில் இருக்கட்டும். கல்லா ஓரத்தில் ஏதாவது வைத்தே ஆக வேண்டுமென்றால் தீப்பெட்டி, பேட்டரி, சேஃப்டி பின் வையுங்கள். வீட்டுக்குப் போன பிறகு ‘அடடா, மறந்துட்டேனே’ என்று தலையில் அடித்துக்கொள்கிற சாமான்கள் அவை. ஞாபகப்படுத்தியதற்கு நன்றிதான் சொல்வார்கள்.

‘இன்னும் 3 மட்டுமே’ அட்டை: மூன்றுதான் இருந்தால் தொங்கவிடுங்கள். முப்பது இருந்தால் அது பொய். நோபல் பரிசு எதுவும் அதை நியாயப்படுத்தாது.

பையைப் பற்றி உங்கள் மகன் சொன்னது மிகச் சரி, அது ஏன் வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979இல் முன்வைத்த கோட்பாட்டின் மையம் இது: 100 ரூபாய் கிடைக்கிற மகிழ்ச்சியைவிட 100 ரூபாய் போகிற வலி பெரிது, ஏறத்தாழ இரண்டு மடங்கு. டாட்டியானா ஹொமனாஃப் என்ற ஆய்வாளர் இதை வாஷிங்டன் வட்டாரக் கடைகளிலேயே பார்த்தார். சில கடைகள் சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் தள்ளுபடி கொடுத்தன. அதற்கு யாரும் அசையவில்லை. பைக்கு 5 சென்ட் வரி என்று வந்ததும் பை கேட்கிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். தொகை ஒன்றுதான். ஒன்று கைக்கு வருவது, மற்றது கையைவிட்டுப் போவது. இங்கிலாந்தில் 2015இல் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்தபோதும் பெரிய கடைகளில் பை பயன்பாடு சரிந்தது.

நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ஆகவே ‘பை கொண்டுவந்தால் 2 ரூபாய் குறைவு’ என்று எழுதாதீர்கள், பலனிருக்காது. துணிப்பைக்கு அடக்கவிலை இவ்வளவு என்று வாசலிலேயே எழுதிப் போட்டு, அந்த விலையைத் தனியாக வாங்குங்கள். உள்ளே வருவதற்கு முன்பே தெரிய வேண்டும். கூடை நிறையச் சாமான் எடுத்து, பில் போட்டு முடிந்த பிறகு ‘பைக்குப் பத்து ரூபா’ என்றால் அதில் ஒரு மடக்கிப் பிடிக்கும் தன்மை வந்துவிடுகிறது.

வாட்ஸ்அப் ஆர்டரில் சேவு பாக்கெட்டையும் அன்னதானக் காசையும் தானாகச் சேர்ப்பது, நான் விடவே வேண்டாம் என்று சொன்ன இரண்டில் ஒன்று. மற்றது பொய் அட்டை. இரண்டுமே இணைய வியாபாரத்திலிருந்து உங்கள் மகனுக்குத் தொற்றிய பழக்கங்கள். இப்படிப்பட்ட உத்திகளுக்கு 2010இல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இவற்றில் 13 வகையை வரிசைப்படுத்தித் தடை செய்திருக்கிறது. இல்லாத அவசரத்தைக் காட்டுவது அதில் முதல் வகை. வாடிக்கையாளர் கேட்காத பொருளையோ, நன்கொடையையோ, காப்பீட்டையோ அவர் சம்மதமின்றிக் கூடையில் நுழைப்பது இரண்டாவது. ‘வேண்டாம்’ என்பவரைக் குற்ற உணர்வில் தள்ளுவது மூன்றாவது. உங்கள் மகன் சொல்கிற அன்னதான 2 ரூபாயில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருக்கின்றன. சாமி காரியத்துக்கு இரண்டு ரூபாய் வேண்டாம் என்று எவர் சொல்வார்? சொன்னாலும் மனது உறுத்தும். அந்த உறுத்தலை வைத்துக் காசு சேர்க்கக் கூடாது.

‘வேண்டாதவர்கள் சொல்லி எடுத்துக்கொள்ளட்டும்’ என்று உங்கள் மகன் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. ஏற்கெனவே குறியிட்டு வைத்ததை மாற்றாமல் விட்டுவிடுவது மனித இயல்பு. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003இல் ஐரோப்பிய நாடுகளின் உறுப்பு தானப் பதிவை ஒப்பிட்டுக் காட்டினார்கள். வேண்டும் என்பவர் கையெழுத்திட வேண்டிய ஜெர்மனியில் சம்மதம் 12 சதவீதம். வேண்டாம் என்பவர் கையெழுத்திட வேண்டிய ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல். பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே மொழி. உயிர் சார்ந்த முடிவிலேயே இப்படியென்றால், 20 ரூபாய்ச் சேவு பாக்கெட்டை யார் கவனித்து நீக்கப் போகிறார்கள்? கவனிக்காதவர் தொகைதான் அந்த ஏற்பாட்டின் லாபம். அதனால்தான் அதை உரக்கச் சொல்ல முடியாது. சேவு விற்க வேண்டுமா, ஆர்டர் வந்ததும் ‘இன்னைக்குப் புதுச் சேவு வந்திருக்கு, வேணுமா?’ என்று ஒருமுறை கேளுங்கள். ஒரேயொரு முறை. திரும்பத் திரும்ப நச்சரிப்பதும் அந்த 13இல் ஒன்று.

இனி நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் கடையிலேயே மிக வலிமையான உத்தி மகன் கொண்டுவந்த எதுவுமில்லை, அண்ணாச்சி. அது உங்கள் கணக்கு நோட்டு.

காசை எண்ணிக் கொடுக்கும்போது ஒரு வலி இருக்கிறது. பொருள் வாங்கும் நேரத்தையும் காசு கொடுக்கும் நேரத்தையும் பிரித்துவிட்டால் அந்த வலி மங்கிவிடும். டிராசன் ப்ரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலத்துக்கு வைத்தார்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் சுமார் இரண்டு மடங்கு கேட்டார்கள். படித்த, கணக்குத் தெரிந்த பிள்ளைகள். கிரெடிட் கார்டு வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே நம் ஊர் மளிகைக் கடைகளில் அதே ஏற்பாடு நோட்டு வடிவில் இருக்கிறது.

நோட்டைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்புகிறார்கள். நீங்கள் சாமானைக் கொடுத்துவிட்டு எழுதுகிறீர்கள். அன்றைக்கு எவ்வளவு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, இதுவரை எவ்வளவு என்று தாய்க்குத் தெரியாது. பற்று ஏறிக்கொண்டே போகிறது. சனிக்கிழமையோ ஒண்ணாம் தேதியோ கூட்டிப் பார்க்கிறபோதுதான் தொகை முதல்முறையாகக் கண்ணில் படுகிறது. ‘இவ்வளவா வாங்கினோம்?’ என்று கேட்பார்கள். நீங்கள் வரிக்கு வரி காட்டுவீர்கள், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பாதி கட்டிவிட்டு மீதியைப் பாக்கி வைப்பார்கள். அடுத்த மாதம் அந்தப் பாக்கியோடு தொடங்கும். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் தன் செலவைக் கண்ணால் பார்க்க முடியாத ஓர் ஏற்பாட்டுக்குள் இருக்கிறது, அந்த ஏற்பாட்டை நடத்துகிறவர் நீங்கள். கல்லா ஓரத்துச் சாக்லேட்டை நினைத்துச் சங்கடப்படுகிற மனிதர் இதையும் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. மழைக் காலத்தில் பட்டாசு ஆபீஸில் வேலை படுத்துக்கொள்ளும்போது அந்தக் குடும்பங்களுக்கு அரிசி போவது அந்த நோட்டால்தான். எந்தச் சூப்பர் மார்க்கெட்டும் அதைச் செய்யாது, செய்யவும் முடியாது. அதை நிறுத்தினால் அவர்கள் கந்துவட்டிக்குப் போவார்கள். வேண்டியது இரண்டு சிறிய மாற்றங்கள்.

ஒன்று, ஒவ்வொரு முறை எழுதும்போதும் கீழே ‘இதுவரை’ என்று மொத்தத்தை எழுதி, வாயாலும் சொல்லிவிடுங்கள். பிள்ளை வந்தால் நோட்டில் வட்டம் போட்டு அனுப்புங்கள். இந்த வேலைக்கு உங்கள் மகனின் வாட்ஸ்அப் அருமையாகப் பயன்படும்: சாமான் போன அன்று மாலையே ‘இன்று 140, இதுவரை 1,860’ என்று தாயின் போனுக்கு ஒரு வரி போகட்டும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற விதியிலும் இதே எண்ணம்தான்: கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடுகளில், எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்று 2021 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போகிற காசைத் தெரிய வைப்பது.

இரண்டு, மாதத் தொடக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள்: ‘இந்த மாசம் எவ்வளவுக்குள்ள முடிக்கணும்னு நினைக்கிறீங்க?’ அவர்கள் சொல்கிற தொகையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தொகையை நெருங்கும்போது சொல்லுங்கள். சாமானை நிறுத்த வேண்டாம், சொன்னால் போதும். தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் அமெரிக்கத் தொழிலாளர்களிடம் இதன் இன்னொரு வடிவத்தைச் செய்து பார்த்தார்கள். இன்றைக்கே சம்பளத்தில் அதிகம் சேமி என்றால் கசக்கும். அடுத்த சம்பள உயர்விலிருந்து கொஞ்சம் சேமிப்புக்குப் போகட்டும் என்று இப்போதே ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் செய்து பார்த்த நிறுவனத்தில், அதை ஏற்றவர்களின் சேமிப்பு சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து நாற்பது மாதங்களில் 13.6 சதவீதமாக உயர்ந்தது. ஆசை வருவதற்கு முன்னால், நிதானமாக இருக்கும் நேரத்தில் எடுத்த முடிவு பிறகு கைகொடுக்கிறது.

இதனால் விற்பனை கொஞ்சம் குறையலாம். நான் மறைக்க மாட்டேன். பிஸ்கட்டும் சோப்பும் ஒரு பாக்கெட் குறையும். ஆனால் வராத பாக்கியும் குறையும் என்பது என் கணிப்பு. பாக்கி கட்ட முடியாமல் கடைப்பக்கமே வராமல் வேறு தெரு வழியாகப் போகிற வாடிக்கையாளர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்களை இழந்ததையும் நஷ்டக் கணக்கில் சேருங்கள்.

பைபாஸ் கடையை நினைத்து நீங்கள் பயப்படுவது புரிகிறது. அதற்கும் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1986இல் கானமன், ஜாக் நெட்ச், தேலர் மூவரும் கனடாவில் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர். பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் அதை 20 டாலராக்கிவிட்டார். நியாயமா? 82 சதவீதத்தினர் அநியாயம் என்றார்கள். பொருளாதாரப் பாடப்புத்தகம் தேவை கூடினால் விலை கூடும் என்கிறது. மக்களின் மனம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். கொரோனா ஊரடங்கில் பழைய விலைக்கே அரிசி கொடுத்த கடைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் இருந்திருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. முப்பது வருடத்தில் சேர்ந்த அந்த நம்பிக்கையைச் சேவு பாக்கெட்டுக்கு விற்றுவிடாதீர்கள்.

கடைசியாக உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, இந்தத் துறையில் சொல்லப்படுகிற எண்களை அப்படியே நம்பிக் கடையில் காசைப் போடாதீர்கள். ஜாம் கதை உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும்: 24 வகை வைத்த மேசையில் நின்றவர்களில் 3 சதவீதத்தினர் வாங்கினார்கள், 6 வகை வைத்த மேசையில் 30 சதவீதத்தினர். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் எழுதியது, செய்த ஆய்வு உண்மையானதுதான். ஆனால் வகையைக் குறைத்தால் விற்பனை கூடுமா என்ற அதே கேள்வியை எடுத்துக்கொண்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2010இல் பார்த்தபோது சராசரி விளைவு பூச்சியத்தை ஒட்டி வந்தது. உணவை எங்கே, எப்படி வைத்தால் எவ்வளவு எடுப்பார்கள் என்று எழுதிப் புகழ்பெற்ற பிரயன் வான்சிங்க், ஆய்வில் முறைகேடு செய்ததாக அவருடைய கார்னெல் பல்கலைக்கழகமே 2018இல் அறிவித்தது. அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. பயிற்சி வகுப்புகளில் அவருடைய முடிவுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, எலிசபெத் லினோஸ் இருவரும் 2022இல் வெளியிட்ட கணக்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆய்விதழ்களில் வெளியான நட்ஜ் சோதனைகளில் சராசரி மாற்றம் 8.7 சதவீதப் புள்ளி, அதாவது நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் கூடுதலாக மாறினார்கள். அமெரிக்காவில் அரசு அமைப்புகளோடு சேர்ந்து இந்த உத்திகளைச் செய்து பார்க்கிற இரண்டு பெரிய நட்ஜ் குழுக்கள் களத்தில் செய்த எல்லாச் சோதனைகளையும் எடுத்துப் பார்த்தால் 1.4. இதுவும் வேண்டிய மாற்றம்தான், விளைவு உண்டு. கடையைத் தலைகீழாக மாற்றிவிடும் அளவுக்கு இல்லை.

அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு மாற்றம், இரண்டு வாரம். இரண்டு வாரத்திலும் சம்பளச் சனிக்கிழமை இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரண்டு வாரக் கணக்கோடு ஒப்பிடுங்கள். முதலில் லிட்டர் விலை, கிலோ விலை எழுதுவதைச் செய்யுங்கள், பிறகு நோட்டில் ‘இதுவரை’ எழுதுவதை, பிறகு பையை. ஷெல்ஃபுக்குச் செலவு இருக்கிறது, அது கடைசியில் வரட்டும். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் மட்டும் தொடங்காதீர்கள். அப்போது எதை எங்கே வைத்தாலும் விற்கும், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.